கண்ணுக்குள் மச்சம்: பழைய படம் எங்கே?

புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகே சிகிச்சையைத் தொடங்குவது நமக்குப் பழகிப்போன நடைமுறை. கண்ணுக்குள் வரும் மெலனோமா இதற்கு விலக்கு. விழித்திரைக்கு அடியில் இருக்கும் கோராய்டு என்னும் ரத்தநாளப் படலத்தில் தோன்றும் இந்தக் கட்டியைப் பெரும்பாலும் ஊசி செருகாமல், கத்தி வைக்காமல், பார்த்தே முடிவுசெய்கிறார்கள். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்ப்பது, படம் எடுப்பது, அல்ட்ராசவுண்ட் ஆகிய மூன்றும்தான் ஆதாரம். இதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு, அமெரிக்காவில் 1980களின் பிற்பாதியில் தொடங்கிய கண் மெலனோமா கூட்டாய்வு ஒரு கணக்கைத் தந்திருக்கிறது. மெலனோமா என்று முடிவுகட்டி அகற்றிய 1,532 கண்களை வெட்டிப் பரிசோதித்தபோது 1,527 கண்களில் அதே நோய்தான் இருந்தது. ஐந்தே கண்களில் கணிப்பு தவறியிருந்தது. ஆனால், அந்தக் கண்களில் இருந்தவை நடுத்தர அளவோ அதற்கு மேலோ உள்ள கட்டிகள். இரண்டு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத ஒரு கரும்திட்டைப் பார்த்து, இது சாதுவான மச்சமா, வளரப்போகும் மெலனோமாவா என்று முதல் பார்வையிலேயே சொல்ல எந்த நிபுணராலும் முடிவதில்லை. அந்த இடத்தில் அவருக்குக் கைகொடுப்பது அதே கண்ணின் பழைய படம். நம்மிடம் கேமராக்கள் பெருகிவிட்டன, ஸ்கேன்கள் பெருகிவிட்டன; பழைய படம் மட்டும் தேவைப்படும் நேரத்தில் கிடைப்பதில்லை. புதுக் கருவி வாங்கக் காட்டும் ஆர்வத்தில் கால்வாசியை எடுத்த படத்தைப் பத்திரப்படுத்துவதிலும் அதை நோயாளியின் கையில் கொடுப்பதிலும் காட்டினால் இந்த நோயில் பாதிக் குழப்பம் தீரும்.

தோலில் இருப்பதுபோலவே கண்ணின் அடித்தளத்திலும் மச்சம் உண்டு. மெலனின் நிறமியைச் சுமக்கும் செல்கள் ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்துவிடுவதால் வருவது அது. பெரும்பாலும் வலி இருக்காது, பார்வைக் குறை இருக்காது, கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாது. கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் மருத்துவரின் கண்ணிலோ, கண்ணின் அடித்தளத்தைப் படமெடுக்கும் ஃபண்டஸ் கேமராவிலோதான் அது அகப்படும். படத்தில் பார்த்தால் செம்மஞ்சள் பரப்பு; ஒரு பக்கத்தில் பார்வை நரம்பு கிளம்பும் வெளிர்மஞ்சள் வட்டம்; அதிலிருந்து மேலும் கீழுமாக வளைந்து கிளைவிடும் ரத்தக் குழாய்கள். அந்தக் குழாய்களுக்குக் கீழே, ஓரங்கள் மெல்லக் கரைந்தபடி ஒரு சாம்பல் நிறத் திட்டு. குழாய்கள் திட்டின் மேலே தடையின்றி ஓடினால், திட்டு விழித்திரைக்கு அடியில் இருக்கிறது என்று பொருள். அதன்மீது ட்ரூசன் என்னும் சிறு மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால், அந்த மச்சம் பல காலமாக அங்கே சும்மா கிடக்கிறது என்பதற்கு அது அடையாளம். மருத்துவர் சற்று நிம்மதியாக மூச்சுவிடலாம். ஆரஞ்சு நிறத்தில் தூள் படிந்திருந்தாலோ, அடியில் நீர் கசிந்து விழித்திரை லேசாக மேலெழும்பியிருந்தாலோ கவனம் கூட வேண்டும். அந்த ஆரஞ்சுத் தூள் லிப்போஃபஸ்சின் என்னும் செல் கழிவு. ஆட்டோஃபுளோரசன்ஸ் என்ற படமுறையில் அது தானே ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கசிவை, விழித்திரையைக் குறுக்கே வெட்டி அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி ஸ்கேன் கண்டுபிடிக்கும். தடிமனை அளக்க அல்ட்ராசவுண்ட்.

கறுப்பாகத் தெரிவதெல்லாம் மச்சம் என்றும் சொல்லிவிட முடியாது. விழித்திரையின் நிறமி அடுக்கே பிறவியில் ஓரிடத்தில் தடித்துவிடுவதுண்டு. அது விளிம்பு தெளிவாக, தட்டையாக, கருகருவென்று இருக்கும். ஆயுள் முழுக்கப் பெரும்பாலும் தொந்தரவு தராது. இதன் உறவுக்கார வகை ஒன்று இரண்டு கண்களிலும் பல இடங்களில், மீன்வால் வடிவத்தில் சிதறிக் கிடக்கும். பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப்புகள் முளைத்துப் புற்றுநோயாக மாறும் பரம்பரைக் கோளாறுக்கு அது முன்னறிவிப்பு. கண்ணைப் படம் எடுக்கப் போனவருக்கும் அவர் உடன்பிறந்தவர்களுக்கும் குடல் பரிசோதனை செய்யச் சொல்லும் நிலை அப்படித்தான் வருகிறது. படத்தைச் சரியாகப் படிப்பவர் இருந்தால் ஒரு ஃபண்டஸ் போட்டோ இவ்வளவு தூரம் பேசும்.

இனி, மச்சம் மெலனோமாவாக மாறும் வாய்ப்பு எவ்வளவு? அமெரிக்க வெள்ளையர்களின் புள்ளிவிவரத்தை வைத்து 2005இல் வெளியான ஒரு கணக்கு, ஆண்டுக்கு 8,845 மச்சங்களில் ஒன்று மாறுவதாகச் சொன்னது. மிகக் குறைவுதான். ஆனால் இது எல்லா மச்சங்களையும் ஒரே கூடையில் போட்டு எடுத்த சராசரி. எந்த மச்சம் என்று கேட்டால் விடை தலைகீழாக மாறுகிறது. பிலடெல்பியாவின் வில்ஸ் கண் மருத்துவமனையைச் சேர்ந்த கரோல் ஷீல்ட்ஸ் குழுவினர் 2,355 மச்சங்களைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வு ஆறு ஆபத்துக் குறிகளை வரிசைப்படுத்தியது: 2 மி.மீ.க்கு மேற்பட்ட தடிமன், நீர்க்கசிவு, பார்வைக் குறைவு, ஆரஞ்சு நிறமி, அல்ட்ராசவுண்டில் உள்ளீடற்றதுபோலத் தெரிவது, 5 மி.மீ.க்கு மேற்பட்ட அகலம். ஒரு குறியும் இல்லாத மச்சம் ஐந்தாண்டுக்குள் வளரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று. ஒரு குறி இருந்தால் 11, இரண்டு இருந்தால் 22, மூன்று இருந்தால் 34; நான்கைத் தொட்டால் பாதியைத் தாண்டுகிறது. இந்த ஆறில் கண் மருத்துவர் விளக்கடித்து மட்டும் அறியக்கூடியவை சொற்பம். பெரும்பாலானவற்றைப் படமும் ஸ்கேனும்தான் உறுதிசெய்ய முடியும்.

இதைவிட நம் வாதத்துக்கு நெருக்கமானது, பிரிட்டனின் லிவர்பூலில் நெடுங்காலம் கண் புற்றுநோய் நிபுணராகப் பணியாற்றிய பெர்ட்டில் டமாட்டோ உருவாக்கிய மோல்ஸ் மதிப்பெண் முறை. பெரிய நிபுணர்களுக்கென்று இல்லாமல், கண்ணாடிக்கு அளவெடுக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் கையிலேயே பயன்படவேண்டும் என்று வகுக்கப்பட்டது அது. காளான் வடிவம், ஆரஞ்சு நிறமி, அளவு, வளர்ச்சி, நீர்க்கசிவு என்று ஐந்து தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. கூட்டுத்தொகை 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மெலனோமாவாக இருக்கலாம் என்று நிபுணரிடம் அனுப்பவேண்டும். இதில் வளர்ச்சி என்ற தலைப்பைப் பாருங்கள். அடுத்தடுத்த படங்களால் உறுதியானால் 2. படம் சரியில்லை, சந்தேகம்தான் என்றால் 1. வளர்ச்சி இல்லை அல்லது ஒப்பிடப் பழைய படமே இல்லை என்றால் 0. வளராத மச்சத்துக்கும் வளர்ந்ததா என்று தெரியாத மச்சத்துக்கும் ஒரே பூஜ்யம். முறையை வகுத்தவர்களுக்கு வேறு வழியில்லை. இல்லாத ஆதாரத்துக்கு மதிப்பெண் போட முடியாது. ஆனால் ஆரஞ்சு நிறமிக்கு 1, அளவுக்கு 1 என்று வாங்கி 2இல் நிற்கும் ஒருவர், பழைய படம் கையில் இருந்திருந்தால் ஒருவேளை 4இல் நின்றிருப்பார். அந்த இரண்டு மதிப்பெண்ணைத் தொலைத்தது நோயும் இல்லை, மருத்துவரும் இல்லை. படத்தை வைத்திருக்கவேண்டிய கோப்பு.

படத்தோடு படத்தை ஒப்பிடுவது கேட்க எளிதாக இருக்கிறது. செய்யும்போதுதான் அதன் நுட்பம் புரியும். பார்வை நரம்பின் வட்டம் ஏறத்தாழ 1.5 மி.மீ. குறுக்களவு கொண்டது, படத்துக்குள்ளேயே இருக்கும் அளவுகோல் அது. அதைவிட நம்பகமானவை ரத்தக் குழாய்கள். குழாய் கிளை பிரியும் இடம் ஆண்டுக்கணக்கில் நகராது. மூன்றாண்டுக்கு முன் ஒரு கிளைக்கு இப்பால் நின்றிருந்த திட்டின் விளிம்பு இன்று அந்தக் கிளையைத் தாண்டி அப்பால் போயிருந்தால், அளவுகோலே வேண்டாம், வளர்ந்துவிட்டது. கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் மாற்றத்தைக்கூட இப்படிப் பிடித்துவிடலாம். "போன முறையும் இதே அளவுதான் இருந்தது" என்ற ஞாபகமோ, நோட்டில் பேனாவால் போட்ட வட்டமோ, "வலது கண்ணில் சிறு திட்டு" என்ற ஒற்றை வரியோ இந்த வேலையைச் செய்யாது. வெள்ளைத் தாளில் அச்சிட்டுக் கொடுக்கும் தீப்பெட்டி அளவு படமும் செய்யாது. நம் ஊரில் நோயாளி பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாக எடுத்துவருவது பெரும்பாலும் இந்த அச்சுத் தாளைத்தான். அதில் மருத்துவமனையின் சின்னம் பளிச்சென்று இருக்கும். விளிம்புக்கும் குழாய்க்கும் இடையிலான இடைவெளி இருக்காது.

கேமரா மாறினாலும் ஒப்பீடு கெடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வழக்கமான ஃபண்டஸ் கேமரா வெள்ளை ஒளியில் 45 பாகை அளவுக்குப் படம் எடுக்கும். ஸ்காட்லாந்தில் பிறந்த ஆப்டோஸ் போன்ற அகலப்பரப்புக் கேமராக்கள் 200 பாகை வரை போய் விழித்திரையின் 82 சதவீதத்தை ஒரே சொடுக்கில் அள்ளுகின்றன. ஆனால் பச்சை, சிவப்பு என இரண்டு லேசர் ஒளியை வைத்துக் கட்டிய நிறம் அது. ஓரப் பகுதிகள் அகண்டு தெரியும். ஒரு கேமராவில் சாம்பல் நிறமாக இருந்த மச்சம் இன்னொன்றில் வேறு சாயலில், வேறு அளவில் தோன்றும். இதில் லாபமும் உண்டு. அந்தப் படத்தைச் சிவப்பு, பச்சை என்று பிரித்துப் பார்த்தால் கோராய்டு மச்சம் சிவப்பில் தெரிந்து பச்சையில் மறையும். மேலே சொன்ன பிறவித் தடிப்போ இரண்டிலும் தெரியும். ஆழத்தில் இருப்பது எது, மேலே இருப்பது எது என்பது ஒரு பொத்தானில் பிரிந்துவிடுகிறது. ஆனால் 2019இல் சாதாரணக் கேமராவில் எடுத்த படத்தையும் இன்று அகலப்பரப்புக் கேமராவில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்து "வளர்ந்துவிட்டது" என்பவர், நோயை அளக்கவில்லை, லென்ஸை அளக்கிறார். ஆகவே படத்தோடு எந்தக் கேமரா, எத்தனை பாகை, எந்தத் தேதி, வலமா இடமா என்ற விவரமும் சேர்ந்தே பயணிக்கவேண்டும்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இயல்பாக எழும் முதல் ஆட்சேபம், இது நம் நோயா என்பதுதான். கேள்வி நியாயமானது. கண் மெலனோமா வெளிர்நிறத் தோல்காரர்களை அதிகம் பிடிக்கிறது. அமெரிக்காவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஐந்து பேருக்கு. ஐரோப்பாவின் வடக்கே போகப்போக இன்னும் அதிகம். ஆசிய நாடுகளில் பத்து லட்சத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. மச்சமே நம்மிடம் அரிது. அமெரிக்காவில் பல இனத்தவரிடையே நடந்த ஓர் ஆய்வில் வெள்ளையர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்குக் கோராய்டு மச்சம் இருந்தது. சீன வம்சாவளியினரில் அரை சதவீதத்தைக்கூட எட்டவில்லை. சர்க்கரைக் கண் பாதிப்பும் கண் அழுத்த நோயும் கண்புரையும் வரிசையில் நிற்கும்போது அரிய நோய்க்கென்று தனிப் பரிசோதனை முகாம் போடச் சொன்னால் அது பொறுப்பில்லாத யோசனை. அதை நானும் எதிர்ப்பேன். ஆனால் அரிது என்பதும் சொற்பம் என்பதும் ஒன்றல்ல. பத்து லட்சத்துக்கு அரை என்று வைத்துக்கொண்டாலும் 140 கோடி மக்கள்தொகையில் அது ஆண்டுக்கு 700 பேர். இந்திய மருத்துவமனைகள் வெளியிட்ட தொகுப்புகளில் இவர்களின் சராசரி வயது நாற்பதுகளில் இருக்கிறது. மேற்கே அது அறுபதை ஒட்டியது. அதாவது இங்கே இந்த நோய் வீட்டில் சம்பாதிக்கும் ஆளைப் பிடிக்கிறது. இன்னொன்று, ஜப்பானிய மருத்துவர் ஓட்டாவின் பெயரால் வழங்கும் மச்சம். முகத்தின் ஒரு பக்கத்திலும் அந்தப் பக்கத்துக் கண்வெள்ளையிலும் சாம்பல் கலந்த நீலத் திட்டாகப் படரும் இது ஆசியர்களிடம்தான் கூடுதலாகக் காணப்படுகிறது. வெள்ளையர்களில் இத்தகைய கண் நிறமி உள்ள 400 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் மெலனோமா வருவதாகக் கணக்கு. ஆசியர்களிடம் ஆபத்து அதைவிடக் குறைவு என்றாலும் பூஜ்யம் இல்லை. பிறந்ததிலிருந்து இருக்கிறது, அழகு சம்பந்தப்பட்டது என்று நம் வீடுகளில் விட்டுவிடும் இந்தத் திட்டு, ஆண்டுக்கொரு முறை கண்ணின் உட்புறத்தையும் பார்க்கச் சொல்லும் அழைப்பு.

தனி முகாம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், முகாம் ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023இல் நாட்டில் 10.1 கோடி சர்க்கரை நோயாளிகள் இருப்பதாகச் சொன்னது. இவர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. அதற்காகச் சிற்றூர் கண் மையங்களிலும் சர்க்கரை கிளினிக்குகளிலும் ஃபண்டஸ் கேமராக்கள் வந்துவிட்டன. செல்பேசியோடு இணைத்து எடுக்கும் கையடக்கக் கேமராக்களை பெங்களூரிலேயே தயாரிக்கிறார்கள். படம் எடுக்கப்படுகிறது, செலவு ஆகிவிட்டது. அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு திட்டு இருந்தால் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. சீட்டில் "சர்க்கரை பாதிப்பு இல்லை" என்று எழுதியாகிறது. கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். கேட்காத கேள்விக்குப் பதில் எழுத அங்கே இடமில்லை. இங்கிலாந்து 2003இல் தொடங்கிய சர்க்கரைக் கண் பரிசோதனைத் திட்டம் ஒவ்வொரு கண்ணிலும் 45 பாகையில் இரண்டு படங்கள் எடுக்கிறது. படங்கள் திட்டத்தின் கோப்பிலேயே தொடர்ந்து சேர்கின்றன. சர்க்கரை சம்பந்தமில்லாத திட்டுகள் தென்பட்டால் அவற்றையும் குறிக்கிறார்கள். உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு அங்கே அரை நூற்றாண்டாக முதல் காரணமாக இருந்த சர்க்கரைக் கண் நோய் 2010 வாக்கில் அந்த இடத்திலிருந்து இறங்கியது. மச்சத்துக்காக யாரும் தனியாக ஒரு பென்னிகூடச் செலவிடவில்லை. அது போகிற போக்கில் கிடைத்தது. 45 பாகைப் படத்தில் விழித்திரையின் ஓரங்கள் விழாது என்பது உண்மை. அதனால் அதில் ஒன்றும் தெரியவில்லை என்பது முழுக்கண்ணுக்கான நற்சான்றிதழ் ஆகாது. தெரிந்த திட்டை விட்டுவிடுவதற்கு அது சாக்காகவும் ஆகாது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, எல்லாத் திட்டையும் அதுவே பார்த்துச் சொல்லிவிடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் கணினிக்குப் பாடம் சொல்லித்தரப் பயன்பட்டவை 1,28,175 விழித்திரைப் படங்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆகிய மருத்துவமனைகளின் படங்களும் அதில் உண்டு. சர்க்கரை பாதிப்பைக் கண்டறிவதில் அந்த மென்பொருள் கண் மருத்துவர்களுக்கு ஈடாக நின்றது. ஆனால் அதற்குக் கற்பித்தது சர்க்கரை பாதிப்பை மட்டும். மெலனோமா இருக்கும் கண்ணைக் காட்டினாலும் சர்க்கரை பாதிப்பு இருக்கிறதா இல்லையா என்றுதான் அது சொல்லும். மனிதர் படிக்கும்போது, "இது என்ன, புதிதாக இருக்கிறதே" என்று ஒரு கணம் கண் நிற்கும். அந்தத் தடுமாற்றம் கணினிக்குக் கற்பிக்கப்படவில்லை. மச்சத்துக்கும் மெலனோமாவுக்கும் தனி மென்பொருள் செய்யும் முயற்சிகள் பல நாடுகளில் நடக்கின்றன. அவற்றுக்கு வேண்டியதும் எண்ணற்ற ஒற்றைப் படங்கள் அல்ல; வளர்ந்த மச்சம், வளராத மச்சம் இரண்டின் பல ஆண்டு வரிசைகள். அந்த வரிசை இல்லாத நாட்டில் மென்பொருள் வெளிர்நிறக் கண்களைப் பார்த்தே பாடம் படிக்கும். நம் கண்களின் அடித்தளம் இயல்பாகவே கருமை கூடியது. சாம்பல் திட்டு அங்கே பின்னணியோடு கலந்து எளிதில் ஒளிந்துகொள்ளும். ஆகவே சேமிப்புக்கு மாற்றாகச் செயற்கை நுண்ணறிவை முன்வைப்பவர்கள், விதைநெல்லைத் தின்றுவிட்டு அறுவடைக்குத் தேதி குறிக்கிறார்கள்.

தேவையில்லாத பயத்தைக் கிளப்பிவிடுவோம் என்ற ஆட்சேபம் இன்னும் கனமானது. "கண்ணுக்குள் மச்சம், கவனமாக இருங்கள்" என்று கேட்டவர் அன்றிரவு தூங்கமாட்டார். ஊர் ஊராக மருத்துவர் மாற்றுவார். யாராவது ஒருவர் சிகிச்சையையும் தொடங்கிவிடுவார். வரலாறு இந்தப் பயத்துக்குச் சான்று தருகிறது. பார்வை நரம்பின் மேலேயே அட்டைக் கரியாக உட்காரும் மெலனோசைட்டோமா என்ற கட்டி, கருநிறத் தோல்காரர்களிடமும் தாராளமாக வரும் ஒன்று. 1962இல் லோரன்ஸ் சிம்மர்மன் அதைச் சாதுவான கட்டி என்று நிறுவும்வரை, மெலனோமா என்று நினைத்து அந்தக் கண்களை அகற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் புற்றாக மாறுவது நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். மெலனோமாவுக்கான கதிர்வீச்சுச் சிகிச்சையும் விளையாட்டல்ல. கதிரியக்கத் தகட்டைக் கண்ணின் வெளிச்சுவரில் தைத்துச் சில நாள் வைத்திருக்கும் முறை அது. பாபா அணு ஆராய்ச்சி மையம் ருத்தீனியம்-106 தகடுகளை இங்கேயே செய்து தருவதால் இறக்குமதிச் செலவு குறைந்திருக்கிறது. ஆனால் முதலில் சொன்ன அமெரிக்கக் கூட்டாய்வில், அயோடின் கதிர்த் தகடு வைத்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் மூன்றாண்டுக்குள் பார்வையின் பெரும்பங்கை இழந்தார்கள். மச்சத்துக்கு இந்தச் சிகிச்சையைக் கொடுத்தால் நல்ல கண்ணைக் கெடுத்ததாகவே முடியும். இவையெல்லாம் படம் எடுப்பதற்கு எதிரான வாதம்போலத் தோன்றலாம். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. அவசரச் சிகிச்சையிலிருந்து நோயாளியைக் காப்பாற்றும் ஒரே ஆயுதம் ஐந்தாண்டுக்கு முன் எடுத்த, இன்றைக்கும் அச்சு அசலாக அப்படியே இருக்கும் படம். "ஐந்தாண்டாக ஒரு மயிரிழைகூட நகரவில்லை" என்பதைக் கண்ணெதிரே காட்டினால் பயம் போகும். வெறும் ஆறுதல் வார்த்தைக்கு அந்தச் சக்தி கிடையாது. பழைய படம் இல்லாதபோதுதான் மருத்துவருக்கும் சந்தேகம், நோயாளிக்கும் கலக்கம், இருவருமாகச் சேர்ந்து எடுக்கும் முடிவும் கோணலாகிறது.

கடினமான ஆட்சேபம் ஒன்று மிச்சமிருக்கிறது. கண் புற்றுநோய் நிபுணர்களே எழுப்புவது. சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிர் பிழைக்குமா? இந்த நோயின் கொடுமை கண்ணில் இல்லை, கல்லீரலில் இருக்கிறது. ஏறத்தாழ பாதி நோயாளிகளுக்கு, கண்ணில் இருந்ததை ஒழித்த பிறகும், ஆண்டுகள் கழித்துக் கல்லீரலில் முளைக்கிறது. நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸுக்கு 2005 இறுதியில் கண்ணில் மெலனோமா கண்டுபிடிக்கப்பட்டுச் சிகிச்சை தரப்பட்டது, ஒன்பதாண்டு கழித்துக் கல்லீரலில் பரவியது தெரிந்தது, 2015இல் இறந்தார். கண்ணை எடுத்துவிடுவதா, கதிர்வீச்சா என்று 1,317 பேரை இரு பிரிவாக்கிச் சோதித்ததில் இரண்டு பிரிவிலும் இறப்பு ஒரே அளவுதான். கட்டி இரட்டிக்கும் வேகத்தை வைத்துக் கணக்கிட்ட பின்லாந்து ஆய்வாளர்கள், கண்ணில் சிகிச்சை தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே விதை கல்லீரலுக்குப் போயிருக்கவேண்டும் என்றார்கள். எதிர்ப்பக்கத்தில், 8,000க்கும் மேற்பட்ட கண்களைத் தொகுத்த வில்ஸ் மருத்துவமனைக் கணக்கு இருக்கிறது: பத்தாண்டில் உடலில் பரவும் வாய்ப்பு 3 மி.மீ. வரையான சிறு கட்டியில் நூற்றுக்கு 12, நடுத்தரத்தில் 26, 8 மி.மீ.க்கு மேல் 49. சிறிதாக இருக்கும்போதே பிடித்தால் நல்லது என்று இதைப் படிக்கலாம். சிறிதாகப் பிடிபட்டவை இயல்பிலேயே மந்தமானவை, முன்கூட்டியே கண்டுபிடித்ததால் எண்ணிக்கொள்ளும் ஆண்டுகள் மட்டும் கூடின என்றும் படிக்கலாம். இரண்டு வாசிப்பிலும் உண்மை இருக்கிறது. படம் எடுத்தால் உயிர் நிச்சயம் என்று விளம்பரம் செய்பவரை நம்பவேண்டாம். ஆனால் உயிர்க் கணக்கு தீராமலே இருந்தாலும் கண்ணின் கணக்கு தெளிவாக இருக்கிறது: சிறு கட்டிக்குச் சிறு கதிரளவு போதும், கண்ணையும் பார்வையின் ஒரு பங்கையும் காப்பாற்ற வழியுண்டு, 10 மி.மீ. உயரத்துக்கு வளர்ந்ததற்குப் பெரும்பாலும் கண்ணை எடுப்பதுதான் வழி.

அந்தரங்கம் பற்றிய கவலையை ஒதுக்கிவிடக் கூடாது. விழித்திரைப் படம் வெறும் கண் படமல்ல. அதைப் பார்த்தே ஒருவரின் வயதைச் சில ஆண்டு வித்தியாசத்தில், ஆணா பெண்ணா என்பதை ஏறக்குறைய பிழையின்றி கணினி சொல்லிவிடும் என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. அப்படிப்பட்ட படங்கள் கோடிக்கணக்கில் ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் குவிவது நல்லதல்ல. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலையும் நோக்கத்தையும் வலியுறுத்துவது இதற்காகத்தான். படத்தின் முதல் பிரதி நோயாளியிடம் இருக்கவேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு மருத்துவமனை மூடினாலும், மென்பொருள் மாறினாலும், வேலைக்காக அவர் கோவையிலிருந்து துபாய்க்குப் போனாலும் படம் அவரோடு போகும். பெரிய கண் மருத்துவமனைகள் தங்கள் சர்வரில் பத்திரமாக வைத்திருப்பது உண்மைதான். ஆனால் அந்தப் படம் அந்த மருத்துவமனையின் சுவரைத் தாண்டுவதில்லை.

விதிகளும் இங்கே பின்தங்கி நிற்கின்றன. நடைமுறையில் இருக்கும் 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை மூன்றாண்டு வைத்திருக்கவேண்டும்; நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் தரவேண்டும். 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் அதே மாதமே நிறுத்திவைக்கப்பட்டன. விழித்திரைப் படம் எடுத்துக்கொள்ளும் யாரும் படுக்கையில் சேர்வதில்லை, அவர் புறநோயாளி. மச்சத்தின் ஆபத்தையே ஐந்தாண்டு அளவுகோலில் கணக்கிடும்போது மூன்றாண்டு என்பது உள்நோயாளிக்குக்கூடப் போதாது. புறநோயாளியின் கண் படங்களையும் விதிக்குள் கொண்டுவந்து, குறைந்தது பத்தாண்டு என்று நிர்ணயிக்கவேண்டும். அச்சுத் தாளைத் தந்தால் கடமை முடிந்தது என்ற நிலை போய், கேமராவில் பதிவான மூல டிஜிட்டல் கோப்பையே, தேதியும் கேமரா விவரமும் அழியாத டைகாம் என்னும் மருத்துவப் படக் கோப்பு வடிவில் தரவேண்டும். ஒரு கண்ணின் வண்ணப் படம் சில மெகாபைட்தான். திருமண ஆல்பத்தைச் செல்பேசியில் வைத்திருப்பவருக்கு இது பாரமில்லை. செல்பேசி தொலைந்துபோகும் என்றால், 2021இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் ஆபா எண்ணோடு, நோயாளியின் ஒப்புதல் பெற்று இணைக்கலாம். ஓசிடி போன்ற பெரிய கோப்புகளுக்குச் செலவு கூடும் என்று சிறு கிளினிக்குகள் தயங்கினால் அவற்றை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிவைக்கலாம். முதல் கட்டமாக, அரசு மருத்துவமனைகளிலும் சர்க்கரை கிளினிக்குகளிலும் கொடுக்கும் கண் பரிசோதனைச் சீட்டில் இரண்டு வரி அச்சடித்தால் போதும்: சர்க்கரை பாதிப்பு தவிர வேறு திட்டு தெரிகிறதா, தெரிந்தால் எந்தக் கண்ணில், எவ்வளவு அகலத்தில், படத்தின் மூலக் கோப்பு நோயாளியிடம் தரப்பட்டதா, எந்தத் தேதியில்.